சப்பாத்துப் பெட்டியில் வரும் நத்தார்

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூரை நோக்கிச் செல்லும் பாதையில், வாவிக்கரையில் அமைந்த கிராமம் தன்னாமுனை. மாரி மழையின் நடுவே இங்கு நத்தார் வருகின்றது. அன்றாட உழைப்பால் வாழும் இல்லங்களில் கை சுருங்கும் காலமும் அதுவே. தேவாலய மணி ஒலிக்கையில் பழைய சட்டையோடு பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் சிறுவனை நம்மிற் பலர் கண்டிருப்போம்.

அத்தகைய சிறுவரை நினைந்து எழுந்த முயற்சியொன்றை வாசகர்க்கு அறிமுகஞ் செய்ய விழைகின்றோம். 1989 ஆம் ஆண்டின் இறுதியில் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபின், அந்நாட்டு அநாதை இல்லங்களின் அவலத்தை உலகம் கண்டது. மறுவருடம் வேல்ஸ் நாட்டு றெக்ஸம் நகரைச் சேர்ந்த டேவ் குக்கும் அவர்தம் மனைவியாரும் ஊராரைத் திரட்டினர். சப்பாத்துப் பெட்டிகளிற் பரிசுகளை நிரப்பி, மருந்து முதலியவற்றோடு லொறிகளில் ஏற்றிச் சென்றனர். 1993 இல் அமெரிக்காவின் 'சமாரித்தன்ஸ் பேர்ஸ்' என்னும் கிறிஸ்தவ நிறுவனம் அப்பணியை ஏற்றது. இதுவரை 20 கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் பல நாடுகளுக்குச் சென்றுள்ளன.

ஆணா, பெண்ணா, வயதென்ன என்று மேலே குறித்து, ஒரு குழந்தைக்கென்றே ஒரு பெட்டி நிரப்பப்படுகின்றது. பந்து, பொம்மை, கொப்பி, பென்சில், சவர்க்காரம் வைக்கலாம். போர் விளையாட்டுப் பொருள்களும் இனிப்புகளும் கூடா. பற்றூரிகைக்கு இடமுண்டு, பற்பசைக்கு இல்லை; சுங்க விதி அப்படி!

இத்துடன் நின்றுவிடின் நமக்கு வாதமில்லை. பலவிடங்களிற் பெட்டியைத் தொடர்ந்து 12 வேதபாடங்களும் வருகின்றன. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அயலயலாக உள்ள நம் பகுதியில் இது நெருடலான விடயம். ஆசைகாட்டி மதம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டமூலமொன்று 2004 இல் நம் பாராளுமன்றம் வரை சென்றது, அது சட்டமாகவில்லை. அச்சட்டத்தை நாம் விரும்பினோமல்லோம். ஆயினும் பரிசு வேறு, போதனை வேறு என்று பிரித்து வைப்பதே அயலாரின் நம்பிக்கையைக் காக்கும் என்பது நம் துணிபு.

தூரத்துக் கொடையில் மற்றொரு குறையும் உண்டு. அதே 2004 இல், நத்தாருக்கு மறுநாள் ஆழிப்பேரலை நம் கரையை அழித்தபோது, வெளிநாட்டு உதவிப் பொதிகளிற் குளிர்நாட்டுக் கம்பளி அங்கிகளும் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. அனுப்பியோர் அன்பிற் குறையில்லை. நம் வெயிலை அவர் அறியார்.

ஆகவே பெட்டியை நம் ஊரிலேயே நிரப்பினால் என்ன? எச்சமயத்துப் பிள்ளையாயினும் வேறுபாடின்றிக் கொடுக்கலாம். சபையார் முன்னிலையிற் பெயர் கூவி அழையாது, வீட்டிற் சேர்ப்பிப்பது மேல். மாணவர்களும் தம் கைச்செலவிற் சிறிது ஒதுக்கலாம். சிறுவர் சப்பாத்துப் பெட்டியிற் கொப்பி மடங்கிவிடும்; பெரியோரின் பெட்டியே இதற்கு ஏற்றது.