உலாவியின் மாறுவேடம்

மன்னர்கள் மாறுவேடம் பூண்டு இரவில் நகர்வலம் வந்த கதைகளை நாம் படித்திருக்கிறோம். நம் மடிக்கணினியிலும் நாள்தோறும் ஒரு மாறுவேடம் நடக்கிறதென்றால் நம்புவீர்களா, நண்பர்களே?

தில்லிக்கு வந்த புதிதில் உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பிக்க முனைந்தேன். “உங்கள் உலாவி ஏற்கத்தக்கதன்று” என்று இணையதளம் கதவடைத்துவிட்டது. மறுநாளே கடைசி நாள்! விடுதித் தோழர் ஒருவர் உலாவியின் அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினார். அதே கணினி, அதே உலாவி, கதவு திறந்தது. அந்த வரி யாது?

ஒரு தளத்தை நாடும்போதெல்லாம் உலாவி, “நான் இன்னார், இன்ன பதிப்பு, இன்ன கணினியிலிருந்து வருகிறேன்” என்று ஒரு வரியில் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அவ்வரியைப் பார்த்தே பல தளங்கள் அதனை வரவேற்பதா, விரட்டுவதா என்று முடிவு செய்கின்றன.

இந்த வினை 1990-களில் தொடங்கியது. 1994-இல் வெளிவந்த நெட்ஸ்கேப், தன்னை ‘மொசில்லா’ என்று கூறிக்கொண்டது. திரையைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் திறன் பின்னர் அதற்கு வாய்த்தது. தளம் அமைத்தோர் ‘மொசில்லா’ என்றவர்க்கே அழகிய பக்கத்தை அளித்தனர். ஏனையோர்க்கு எளிய பக்கந்தான். போட்டிக்கு வந்த மைக்ரோசாப்டின் உலாவி என்ன செய்தது? தானும் மொசில்லா என்றது! 2008-இல் வந்த கூகுளின் குரோம், மொசில்லா என்பதோடு ஆப்பிளின் சஃபாரி என்னும் பெயரையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் மறைந்தது; அதன் முகமூடி மறையவில்லை. பெயரைக் கண்டே சில தளங்கள் தடுத்தமையால், 2019-இல் விவால்டி என்னும் உலாவி தன் பெயரை விடுத்து, குரோம் போலவே பேசத் தலைப்பட்டது.

மற்றொரு காரணமும் உண்டு. பதிப்பு, கருவி முதலிய நுண்விவரங்களைக் கோத்துப் பார்த்து, வருபவர் யாரென்று பின்தொடர்வோர் உளர். ஆகவே 2022 முதல் குரோம் அவ்விவரங்களைக் குறைத்துக் கூறி வருகிறது.

பொய் சொன்ன உலாவியைப் பழிப்பதா? பெயரைக் கேட்டுக் கதவடைத்த வாயிற்காவலனைப் பழிப்பதா? வாடகைக்கு அறை தேடிப் போய், ஊரைச் சொன்னதும் கதவு சாத்தப்பட்ட நம்மவர்க்கு விடை தெரியும். “இந்த வேலை உன்னால் முடியுமா?” என்று உலாவியையே சோதித்தறியும் வழி இன்று உண்டு. நாளை தளங்களைச் சமைக்கவிருக்கும் தோழர்களே, பெயரைக் கேளாதீர், திறனைக் கேளுங்கள்! வேடத்துக்கு அப்போது வேலையிராது.