பழைய வண்டியும் புதிய திரவமும்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணி வரும் அன்பர்கள் அவற்றின் வர்ணத்தையும் விளக்குகளையும் துடைத்துத் துடைத்து அழகு பார்க்கிறார்கள். குழாய்க்குள் மறைந்திருக்கும் பிரேக் திரவத்தை விசாரிப்பவர் சிலரே. ஆனால் வண்டியில் ஏறியவர்களின் உயிர் அந்தத் திரவத்தை நம்பியன்றோ இருக்கிறது!

அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மை. இதைக்கொண்டு 1921-ல் டூஸன்பர்க் வண்டியிலும், 1924-ல் கிரைஸ்லர் வண்டியிலும் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் அமைந்தது. போர்டு கம்பெனியார் 1939-ஆம் வருஷத்து வண்டிகளில்தான் இம்முறைக்கு வந்தனர்.

சாதாரணமாக வழங்கும் டாட் 3, டாட் 4 திரவங்கள் கிளைகால் இனத்தைச் சேர்ந்தவை. இவை காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் சுபாவமுடையவை. புதிய டாட் 3 திரவம் 205 டிகிரி சென்டிகிரேடு வரையில் கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு ஜலம் சேர்ந்துவிட்டாலோ அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலைச் சரிவில் பிரேக் சூடேறும்போது திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தத்துக்கு வளைந்து கொடுப்பதால், மிதித்த கட்டை தரை வரையில் போகும், வண்டியோ நிற்காது! அன்றியும், ஈரத்தினால் இரும்புப் பாகங்கள் துருவேறும். திரவம் சிந்தினால் வர்ணமும் உரிந்துபோகும்.

டாட் 5 என்னும் ஸிலிகோன் திரவத்துக்கு இக்குறைகள் இல்லை. அது ஈரத்தை இழுக்காது, வர்ணத்தைக் கெடுக்காது, 260 டிகிரி வரையில் கொதிக்காது. நெடுங்காலம் சும்மா நிற்கும் ராணுவ வண்டிகளுக்கு ஏற்றதென்று அமெரிக்கச் சேனையார் 1980-களில் இதை மேற்கொண்டனர்.

எனினும் இதற்கும் தோஷங்கள் உண்டு. எவ்வழியிலேனும் ஜலம் புகுந்தால் அது திரவத்துடன் கலவாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கித் துருப்பிடிக்கச் செய்யும். 100 டிகிரியிலேயே கொதிக்கவும் தொடங்கும். காற்றுக் குமிழிகள் எளிதில் தங்குவதால் டப்பாவைக் குலுக்காமல் மெதுவாக ஊற்றவேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவியுள்ள வண்டிகளுக்கு இது ஆகாது. கிளைகாலுடன் இதைக் கலக்கவே கூடாது. பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு: டாட் 5.1 ஸிலிகோன் அன்று, கிளைகாலே!

ஆகையால், தினந்தோறும் ஓடும் வண்டிக்குக் கிளைகாலே போதும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி. கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஸிலிகோன் உசிதம். ஆனால் பழைய திரவத்தை அறவே நீக்கி, குழாய்களைச் சுத்தம் செய்து, ரப்பர் பாகங்களைப் புதிதாக மாற்றிய பிறகே ஊற்றவேண்டும்.

பின்னர் திரவப் பாத்திரத்தின் கழுத்தில் 'ஸிலிகோன்' என்று எழுதிய தகட்டைக் கட்டிவிடுங்கள். நாளை வேறொருவர் கை அந்த மூடியைத் திறக்கலாம். உதவி செய்வதாக எண்ணி அவர் கிளைகாலை ஊற்றிவிட்டால், பட்ட பாடெல்லாம் வீணாகும். வண்டியில் அமரும் குழந்தைகளுக்கோ இவையொன்றும் தெரியாது.