புலம்பல் திருப்பாடல்கள்

புலம்பல் திருப்பாடல்கள் என்பவை விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள திருப்பாடல்கள் நூலில், துன்பத்தில் சிக்கியவர் கடவுளிடம் முறையிடும் வடிவில் அமைந்த பாடல்கள் ஆகும். நூலிலுள்ள 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வகையைச் சேர்ந்தவை. நோய், பகைவரின் தாக்குதல், பொய்க்குற்றச்சாட்டு, போரில் தோல்வி, நெருங்கிய நண்பரின் துரோகம் ஆகியவை இவற்றின் பொருளாக வருகின்றன. சீர்திருத்தத் திருச்சபைகளின் தமிழ் வழக்கில் இந்நூல் சங்கீதம் என்றும், கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய வழக்கில் திருப்பாடல்கள் என்றும் அழைக்கப்படுகிறது. பழைய கத்தோலிக்க மொழிபெயர்ப்புகள் கிரேக்க, இலத்தீன் மரபைப் பின்பற்றியதால், அவற்றில் பெரும்பாலான பாடல்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும். இக்கட்டுரையில் எபிரேய எண்களே தரப்படுகின்றன.

அமைப்பு

செருமானிய அறிஞர் எர்மான் குங்கெல் (1862-1932) திருப்பாடல்களை வகை பிரித்து ஆராய்ந்தபோது, புலம்பல்களுக்கு ஒரு பொதுவான அமைப்பு இருப்பதைக் கண்டார். கடவுளை விளித்தல், முறையீடு, வேண்டுகோள், நம்பிக்கையை அறிக்கையிடுதல், புகழ்வதாக வாக்களித்தல் ஆகியவை அதன் உறுப்புகள். எல்லாப் பாடல்களிலும் எல்லா உறுப்புகளும் இருப்பதில்லை, வரிசையும் மாறும். ஆறே வசனங்கள் கொண்ட 13ஆம் பாடல் இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும். எவ்வளவு காலம் என்னும் கேள்வி அதன் தொடக்கத்தில் நான்கு முறை எழுகிறது. இறுதி இரு வசனங்களிலோ பாடுபவர் கடவுளின் அன்பை நம்பி மகிழ்கிறார். இடையில் அவருடைய நிலைமை மாறியதாகப் பாடலில் எந்தக் குறிப்பும் இல்லை.

இந்தத் திடீர் மாற்றம் அறிஞர்களை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்துள்ளது. முறையீட்டைக் கேட்ட குரு, கடவுளின் பெயரால் ஆறுதல் வாக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றும், அவ்வாக்கு பாடலில் எழுதப்படவில்லை என்றும் யோவாகிம் பெக்ரிக் 1934இல் விளக்கினார். சாமுவேல் முதல் நூலில், அழுது மன்றாடிய அன்னாவிடம் குரு ஏலி நல்வாக்கு கூறியதும் அவருடைய முகவாட்டம் நீங்கியது என்னும் நிகழ்ச்சி இவ்விளக்கத்திற்குத் துணை செய்கிறது. எனினும் நம்பிக்கையும் முறையீடும் மாறி மாறி வரும் பாடல்களுக்கு இது முழுமையாகப் பொருந்துவதில்லை.

நண்பனின் துரோகம்: 55ஆம் பாடல்

அத்தகைய பாடல்களுள் முதன்மையானது 55ஆவது ஆகும். பகைவன் பழித்திருந்தால் தாங்கியிருக்கலாம், ஆனால் பழித்தவன் தன்னோடு சேர்ந்து இறைவனின் இல்லத்திற்குச் சென்ற உற்ற தோழன் என்பதே பாடுபவரின் முறையீடு. பறவையைப் போல் சிறகு பெற்றுப் பாலைநிலத்திற்குத் தப்பியோட அவர் விரும்புகிறார். கடவுள் தமது குரலைக் கேட்பார் என்று உறுதியாகச் சொன்ன பின்னரும், 20, 21 ஆகிய வசனங்களில் மீண்டும் அந்த நண்பனின் இனிய பேச்சையும் உள்ளத்தின் வஞ்சத்தையும் நினைத்து வருந்துகிறார். அதன் பிறகே கவலையைக் கடவுளிடம் விட்டுவிடுமாறு கூறும் 22ஆம் வசனம் வருகிறது. பேதுருவின் முதல் திருமுகத்தில் (5:7) எதிரொலிக்கும் இவ்வசனம் பெரும்பாலும் தனியே எடுத்து மேற்கோள் காட்டப்படுகிறது. பாடலுக்குள் வைத்துப் படிக்கும்போதுதான், காயம் ஆறாத ஒருவரின் சொற்கள் அவை என்பது தெரியவரும். கடவுளை நம்புவதாகச் சொல்லும் அறிக்கையுடன் பாடல் முடிகிறது. நண்பன் திருந்தியதாகவோ உறவு சீரானதாகவோ அது கூறவில்லை.

அந்த நண்பன் யார் என்பதைப் பாடல் குறிப்பிடவில்லை. தாவீதின் ஆலோசகராக இருந்து, பின்னர் அப்சலோமின் கிளர்ச்சியில் சேர்ந்த அகித்தோபலே அவர் என்பது மரபுவழிக் கருத்து. இது ஊகமே.

இயேசுவும் புலம்பல்களும்

41ஆம் பாடலிலும் உடன் உண்டவனின் துரோகம் பேசப்படுகிறது. யூதாசு தம்மைக் காட்டிக்கொடுக்கவிருப்பதை அறிவிக்கும்போது இயேசு இதனை மேற்கோள் காட்டுவதாக யோவான் நற்செய்தி (13:18) கூறுகிறது. மூலப் பாடலில் அந்த நண்பன்மீது நம்பிக்கை வைத்திருந்ததாக ஒரு தொடர் உண்டு. நற்செய்தியில் அது விடப்பட்டுள்ளது. யூதாசு செய்யப்போவதை இயேசு முன்பே அறிந்திருந்தார் என்பது யோவானின் நோக்கு ஆதலால், அத்தொடர் பொருந்தாது என உரையாசிரியர்கள் சிலர் கருதுகின்றனர்.

சிலுவையில் இயேசு எழுப்பிய குரலாக மாற்கும் மத்தேயுவும் தருவது 22ஆம் பாடலின் தொடக்க வரியாகும். கடவுள் தம்மைக் கைவிட்டது ஏன் என்னும் அக்கேள்வி, கடவுளையே விளித்துக் கேட்கப்படுகிறது. அப்பாடலின் பிற்பகுதி புகழ்ச்சியாக மாறுவதால், இயேசு முழுப் பாடலையும் மனத்தில் கொண்டிருந்தார் என்பர் ஒரு சாரார். யூர்கன் மோல்ட்மன் 1972இல் வெளியிட்ட சிலுவையில் அறையப்பட்ட கடவுள் என்னும் நூலிலோ, அது உண்மையாகவே கைவிடப்பட்டவரின் குரல் என வாதிட்டார். லூக்கா இவ்வரியைத் தராமல், 31ஆம் பாடலிலிருந்து தம்மை ஒப்படைக்கும் வரியைத் தருகிறார்.

88ஆம் பாடல்

நம்பிக்கை அறிக்கையோ புகழ்ச்சியோ இன்றி முடியும் பாடல் என இது குறிப்பிடப்படுகிறது. எபிரேய மூலத்தில் இதன் கடைசிச் சொல் இருளைக் குறிக்கிறது. ஆயினும் பாடுபவர் பேசுவதை நிறுத்தவில்லை; இரவும் பகலும் கடவுளையே நோக்கி அழைக்கிறார். இது திருப்பாடல்கள் நூலிலிருந்து நீக்கப்படாததும், கத்தோலிக்கத் திருச்சபையின் வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டில் இடம்பெறுவதும் குறிப்பிடத்தக்கவை.

பிற்காலப் பயன்பாடு

நாசி ஆட்சியை எதிர்த்த செருமானிய லூத்தரன் போதகர் டீட்ரிக் பொன்ஹோபர் திருப்பாடல்களை நாள்தோறும் படித்தவர். 1938 நவம்பரில் யூதரின் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டபோது, இறைவனின் இல்லங்கள் எரிக்கப்பட்டதைப் பற்றிப் புலம்பும் 74ஆம் பாடலின் 8ஆம் வசனத்திற்கு அருகே 9.11.38 என்னும் நாளைத் தம் விவிலியத்தில் குறித்துவைத்தார். 1940இல் திருப்பாடல்கள் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவர் நூல் வெளியிடத் தடை விதிக்கப்பட்டது. 1943 ஏப்ரல் 5 அன்று கைதான அவர், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

புலம்பல்களில் பகைவரைச் சபிக்கும் பகுதிகள் கிறித்தவர்களுக்குத் தொடர்ந்து இடராக இருந்துள்ளன. பகைவரை அன்பு செய்யுமாறு இயேசு கற்பித்ததோடு இவை எவ்வாறு இசையும் என்பது கேள்வி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் சீரமைக்கப்பட்ட கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையிலிருந்து 58, 83, 109 ஆகிய மூன்று பாடல்களும் வேறு சில வசனங்களும் விலக்கப்பட்டன. அமெரிக்க அறிஞர் வால்டர் புருக்மன் 1986இல் எழுதிய கட்டுரையில், வழிபாட்டில் புலம்பல் குறைவது பெரும் இழப்பு என்றார். முறையிட இடமில்லாத இடத்தில், வழிபடுவோர் நேர்மையாகப் பேசுவதை விட்டுவிட்டுப் புகழ்ச்சி மட்டுமே சொல்லப் பழகிவிடுவர் என்பது அவருடைய வாதமாகும்.