தலைச்சுற்றலும் செவிசாய்க்கும் டாக்டரும்

கைத்தறி நெசவாளருக்குக் கண்ணும் கையும் காலும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். மிதியை அழுத்தி, நாடாவைச் செலுத்தி, ஊடை இழையைக் கண்ணால் தொடர்ந்தால்தான் துணி ஒழுங்காக வரும். பாக்கு மரம் ஏறும் உழவருக்கோ ஒரு நொடி நிலை தவறினாலும் உயிருக்கே ஆபத்து. ஆகவே காரமடை, சிறுமுகை வட்டாரங்களில் சங்க உறுப்பினர் ஒருவருக்குத் தலைச்சுற்றல் கண்டால், அது அவருடைய உடம்போடு நிற்கும் சங்கதி அன்று. தறி நிற்கும், கூலி குறையும், கடன் தவணை தவறும். தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லும்போது தவணை தவறிய காரணத்தை விசாரித்தால், "கிறுகிறுன்னு வருதுங்க, தறியில உக்கார முடியறதில்லீங்க" என்ற விடையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இரண்டொரு நாளில் தீரும் தலைச்சுற்றலைப் பற்றி எழுத வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நீடித்து, பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தும் காரணம் புலப்படாமல் வாட்டுகிற தலைச்சுற்றலைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம். வெளியே காயம் தெரியாத நோய் இது. வீட்டார் பித்தம் என்பர்; அக்கம்பக்கத்தார் சோம்பல் என்பர். டாக்டரும் "ஒன்றுமில்லை" என்று கூறிவிட்டால், நோயாளி தம் உடம்பையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்.

ஒரு சொல், பல நோய்கள்

"மயக்கம்" என்ற ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். வீடே சுழல்வதும் மயக்கம்; எழுந்து நின்றதும் கண் இருள்வதும் மயக்கம்; நடக்கையில் தள்ளாடுவதும் மயக்கம். இவற்றின் காரணங்கள் வெவ்வேறு. படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்குள் சுழன்று அடங்குவது பெரும்பாலும் உட்செவியைச் சேர்ந்தது. அங்குள்ள நுண்ணிய சுண்ணாம்புப் பரல்கள் இடம் பெயர்ந்து, அரைவட்டக் குழாய்களுக்குள் புகுவதால் அது உண்டாகிறது. எழுந்ததும் கண் இருண்டால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். அழுத்தத்துக்காக உண்ணும் மாத்திரையே அதற்குக் காரணமாதலும் உண்டு. சோகையும், சர்க்கரை இறக்கமும் மயக்கம் தரும். பூச்சிமருந்து தெளித்த பின் வியர்வையும் வாய்நீரும் பெருகித் தலை சுற்றினால் அது நஞ்சின் அறிகுறி. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை நோயாளியின் வாயில்தான் இருக்கிறது. தலையைப் படம் எடுக்கும் எந்த இயந்திரமும் இவற்றைச் சொல்லாது.

வியன்னாவில் ஒரு நோயாளி சொன்னது

இதற்கு மருத்துவ வரலாற்றிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரில் ராபர்ட் பாரனி என்ற இளம் டாக்டர் காது நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து வந்தார். காதை நீர் பீச்சிக் கழுவும்போது பலர் தலை சுற்றுவதாகக் கூறினர். ஒரு நோயாளி மட்டும், தண்ணீர் போதிய சூடில்லாதபோதுதான் தமக்குத் தலை சுற்றுகிறது என்றும், வீட்டில் வெதுவெதுப்பான நீரால் கழுவும்போது சுற்றுவதில்லை என்றும் கூறினார். தண்ணீர் சூடாகத்தான் இருக்கிறது என்று தாதி வாதாடினார். நோயாளிக்குக் குளிர்ந்திருப்பதாகத் தோன்றினால் அவர் விருப்பப்படியே செய்வோம் என்றார் பாரனி. அடுத்த முறை நீர் மிகவும் சூடாக வந்தது. நோயாளிக்கு மறுபடியும் தலை சுற்றியது. உடனே பாரனி அவருடைய கண்களை நோக்கினார். குளிர்ந்த நீரின்போது விழிகள் துடித்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் இப்போது துடித்தன.

உட்செவியிலுள்ள திரவம் சூட்டாலும் குளிர்ச்சியாலும் அசைகிறது என்ற உண்மையை அதிலிருந்து அவர் உய்த்துணர்ந்தார். அதன்மேல் எழுந்த பரிசோதனை இன்றும் காது மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் ருஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். ஒரு நோயாளியின் சொல்லைத் தள்ளிவிடாமல் கேட்டதில் பிறந்த பரிசு அது.

பெயரில்லாதிருந்த நோய்

நாமும் இத்துன்பத்தை அறிந்தவர்களே. ஓர் இரவில் கடுஞ்சுழற்சி கண்டது. இரண்டு நாளில் அது நின்றது. ஆனால் அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக, படகில் நிற்பது போன்ற ஆட்டம் நீங்கவில்லை. பேரேட்டின் வரிகளைக் கண்ணால் தொடர்ந்தால் அது மிகும். பேருந்தில் நின்றால் மிகும். சந்தைக் கூட்டத்தில் இன்னும் மிகும். மூன்று இடங்களில் பரிசோதனை செய்து, "ஒன்றுமில்லை, கவலையை விடுங்கள்" என்று அனுப்பினர். நான்காவதாகக் கண்ட டாக்டரிடம் புதிய கருவி எதுவும் இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முதல் நாளிலிருந்து சொல்லுங்கள்" என்றார். நாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு, "படுத்திருக்கும்போது எப்படி? கோடு போட்ட துணியைப் பார்த்தால் எப்படி?" என்று கேட்டார்.

அவர் விளக்கியது இதுதான். உட்செவி ஒருமுறை தவறான செய்தி அனுப்பியதால் எச்சரிக்கை அடைந்த மூளை, செவி சரியான பிறகும் காவலைத் தளர்த்துவதில்லை. ஒவ்வோர் அசைவையும் அளவுக்கு மீறிக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதமோ அதற்கு மேலோ பெரும்பாலான நாட்களில் நீடிக்கும் இத்தகைய தள்ளாட்டத்துக்கு, பாரனியின் பெயரைத் தாங்கிய அகில உலக மருத்துவர் சங்கம் 2017இல்தான் தெளிவான இலக்கணம் வகுத்தது. இதற்குப் பயிற்சிகள் உண்டு; தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நமக்கு அது முழுதும் நீங்கிவிட்டது என்று கூற மாட்டோம். எனினும் காரமடை அரங்கநாதர் கோயில் மாசித் தேரைக் கூட்டத்தில் நின்று காண இப்போது முடிகிறது. காரணம் தெரிந்ததிலேயே பாதிப் பயம் நீங்கிற்று.

நாள்வழிக் கணக்கு

டாக்டர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. நோயாளி பேசத் தொடங்கிய 18 விநாடிகளுக்குள் டாக்டர்கள் சராசரியாகக் குறுக்கிடுகின்றனர் என்று 1984இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி கண்டது. அங்கேயே அப்படியென்றால், நீண்ட வரிசை நிற்கும் நமது மருத்துவமனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆதலால் கிடைக்கும் சில நிமிடங்களைப் பயனுள்ளதாக்குவது நம் கையிலும் இருக்கிறது.

விவரம் எழுதாத பற்றை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நோய்க்கும் அப்படி ஒரு நாள்வழிக் கணக்கு வேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள்: தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, நீடித்த அளவு, காதடைப்போ இரைச்சலோ தலைவலியோ உடன் வந்ததா என்பது. உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "மயக்கம்" என்ற சொல்லோடு நிறுத்தாமல், "இடப்பக்கம் புரண்டால் அரை நிமிடம் சுற்றுகிறது" என்பது போல் சொல்லுங்கள்.

செவிசாய்க்கும் டாக்டரை அறிவது கடினமன்று. அவர் கேட்பார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இரத்த அழுத்தம் பார்ப்பார், தலையைத் திருப்பிக் கண்ணசைவை நோக்குவார், தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்று கூறி, மறுபடி வரும் நாளையும் குறிப்பார். பரல் இடம் பெயர்ந்த நோயாக இருந்தால், அமெரிக்க டாக்டர் எப்ளி 1992இல் வெளியிட்ட முறைப்படி தலையைச் சில நிலைகளில் திருப்பியே சில நிமிடங்களில் குணம் காணலாம். அப்படிப் பாராமல், சுற்றலை அடக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது நன்றன்று. அவற்றுள் சில, மூளை தானே சமன் செய்துகொள்வதைத் தாமதப்படுத்தும். முதியோருக்குக் கைநடுக்கத்தையும் தரக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். திடீரென்று தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினால், முகம் கோணினால், கை கால் தளர்ந்தால், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாமற்போனால், நாள்வழி எழுதிக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும். அது பக்கவாதமாக இருக்கலாம்.

சங்கத்தின் கடமை

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்து, நோயாளியை முதலில் வைத்தார். உடனிருந்து கவனிப்பவரையும் ஒரு கூறாகச் சேர்த்தார். இந்த நான்காம் இடத்தில் சங்கம் நிற்கலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லும் உறுப்பினரை மரமேறவும் கிணற்று மேட்டில் தனியே வேலை செய்யவும் விடாதிருக்கலாம். நெசவாளருக்குச் சில வாரங்கள் நூல் சுற்றுவது போன்ற மாற்று வேலை தரலாம். நியாயமான காரணம் இருப்பின் தவணைக்கு அவகாசம் கோரும் மனுவை நிர்வாகக் குழு பரிவுடன் ஆராயலாம். மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சுவோருடன் மற்றோர் உறுப்பினர் துணை போகலாம். டாக்டர் சொல்வதைக் கேட்டு நினைவில் வைக்க இரண்டாவது காது உதவும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, அவர் சொல்வதை நாம் நம்ப வேண்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. நிர்வாகக் குழுவின் தீர்மானமும் தேவையில்லை.