வானிலிருந்து வரும் வானொலி: எதை வாங்குவது?

சென்ற தவக்காலத்தில் அடையாற்றுக் குடும்பம் ஒன்றின் இல்லத்துக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தேன். குடும்பத் தலைவரின் தந்தையார் எண்பதைக் கடந்தவர். பார்வை மங்கிப் படுக்கையோடு இருப்பவர். மகன் ஒரு பெட்டியைக் கொணர்ந்து காட்டினார். "சாமி, பழைய பொருள் கடையில் பார்த்தேன். செயற்கைக்கோள் வானொலியாம். வேண்டாமென்றால் திருப்பித் தரலாம் என்று பேசித்தான் எடுத்து வந்தேன். அப்பாவுக்கு உதவுமா?"

பெட்டியைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. அது வேர்ல்டுஸ்பேஸ் கருவி. உடனே திருப்பித் தந்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார். இன்னும் சில குடும்பங்களுக்கும் அது பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் தொடங்கிய அந்நிறுவனம், ஏசியாஸ்டார் என்னும் துணைக்கோளை 2000 மார்ச்சில் விண்ணில் ஏவியது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், சிங்கப்பூருக்குச் சற்றுக் கிழக்கே, நிலநடுக்கோட்டின் மேல் அது நின்றது. கர்நாடக இசைக்கெனவே 'ஸ்ருதி' என்றோர் அலைவரிசை, தமிழுக்கு 'கே.எல். ரேடியோ', இவற்றோடு பி.பி.சி. என எல்லாம் இரைச்சலின்றிக் கேட்டன. சபாக்களுக்குச் செல்ல இயலாத மயிலாப்பூர் முதியோர் பலருக்கு 'ஸ்ருதி' பெரிய ஆறுதல். ஏ. ஆர். ரகுமான் அதன் விளம்பரத் தூதராகவும் விளங்கினார்.

கருவியோடு உள்ளங்கையளவு தட்டையான அலைவாங்கி ஒன்று வரும். அதற்கு வானம் தெரிய வேண்டும். எந்த வானம் என்பதில்தான் நான் தவறினேன். 2007-இல் மந்தைவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் கருவி வாங்குமாறு ஆலோசனை கூறியவன் நானே. துணைக்கோள் நமக்குக் கடற்பக்கம், சற்றே தெற்கு சாய்ந்து நிற்கிறது; அம்மையாரின் அடுக்ககமோ மேற்கு பார்த்தது. சன்னலில் வைத்தோம், சமையலறையில் வைத்தோம், ஓசையே இல்லை. இறுதியில் எதிர்வீட்டு ஐயர் குடும்பத்தார் தங்கள் மாடத்தில் இடந்தந்து, கம்பியை நடைவழியாக இழுத்துவிட்டார்கள். அன்று மாலை இரு வீட்டாரும் கூடியிருந்து கச்சேரி கேட்டார்கள்.

ஆனால் 2008 அக்டோபரில் அந்நிறுவனம் அமெரிக்காவில் நொடிப்பு மனு கொடுத்தது; 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. முன்பணமாகச் சந்தா கட்டியிருந்தோர் இழந்தார்கள். பூட்டுப் போட்டு அனுப்பிய அந்த ஒலியைத் திறப்பதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி அது. வேறெந்த நிலையத்தின் துணைக்கோள் ஒலியும் அதில் வராது. ஆகவே, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இன்று துணைக்கோள் வழியே வானொலி வேண்டுவோர்க்கு அரசின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கியது; மாதச் சந்தா கிடையாது. தொலைக்காட்சியோடு அகில இந்திய வானொலியின் பல மொழி அலைவரிசைகளும் வருகின்றன. ஆனால் இதற்கு மாடியில் குடைபோன்ற அலைவாங்கி வேண்டும். தென்கிழக்கு வானம் மறைவின்றித் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள், தி. நகரில் பக்கத்துக் கட்டடம் எழும்பி மறைத்துவிடுவது புதிதன்று. பழைய கருவியின் அலை மழைக்கு அவ்வளவாக அஞ்சாது. இதன் அலையோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தடைபடும். மேலும், அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கத் தொலைக்காட்சித் திரையைப் பார்த்தாக வேண்டும். பார்வையற்றவர் என் செய்வார்?

நம்மவர் பலர் கேட்பது வேறு. 1931-இல் மார்க்கோனி அமைத்து, பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைத்த வத்திக்கான் வானொலியும், மணிலாவின் வெரித்தாஸ் வானொலியும் எங்கே கிடைக்கும்? முன்பு சிற்றலையில், இரைச்சலுக்கு நடுவே முள்ளை அசைத்து அசைத்துப் பிடித்தோம். வெரித்தாஸ் 2018-இல் சிற்றலையைக் கைவிட்டு இணையத்துக்கு மாறியது. வத்திக்கானின் தமிழ்ப் பணியும் இன்று இணையத்தில் கிடைக்கிறது. இதற்குத் துணைக்கோள் கருவி தேவையில்லை. பேரப்பிள்ளையின் கைப்பேசியும் சிறு ஒலிபெருக்கியும் போதும். பேரப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அடையாற்றுப் பெரியவருக்கு நான் கூறியது இன்னும் எளியது. திருகும் குமிழ் உள்ள சாதாரணப் பண்பலை வானொலி. தடவிப் பார்த்தே இயக்கலாம். மகன் அதை வாங்கி, 101.4-இல் ரெயின்போ வரும் இடத்தில் குமிழின்மேல் மெழுகுத்துளி ஒன்றை வைத்து அடையாளமிட்டார். அடுத்த முதல் வெள்ளியன்று நற்கருணையோடு சென்றேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் என் காலடியோசை கேட்டு, தாமாகவே கைநீட்டிக் குமிழைத் திருகி அணைத்துவிட்டு, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.