மலைக்கு நாய் வரட்டும், காட்டுக்கு வேண்டாம்

தாராசுரத்திலிருந்து விடியுமுன் காரில் கிளம்பினால் தஞ்சாவூர், திருச்சி, துறையூர் வழியாகப் பச்சைமலை ஏறிப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். வீட்டு நாயையும் உடன் கூட்டிப் போக நினைப்பதில் தவறில்லை. ஆனால் மலைமேல் சாலையும் ஊரும் முடிகிற இடத்தோடு நாயின் உலா முடிந்துவிட வேண்டும். காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ விலங்கைக் கொல்வதை மட்டுமல்ல, விரட்டுவதையும் காயப்படுத்துவதையும்கூட வேட்டை என்றே சொல்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் ஒரு மானைத் துரத்தினால், பதில் சொல்ல வேண்டியவர் அதை அழைத்து வந்தவர்தான்.

சட்டத்தைவிட நோய்தான் எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் என்ற நாய்வைரஸ் பரவி, சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்து அது வந்திருக்கும் என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றிலும் இதே வைரஸ் இருந்தது. நம் வயல்பகுதிக்கே உரிய ஆபத்து இன்னொன்று உண்டு: எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வாய்க்கால் நீரில் இறங்கும் நாய், பார்வைக்கு நலமாகவே இருந்துகொண்டு, மாதக்கணக்கில் தன் சிறுநீரில் அந்தக் கிருமியை வெளியேற்றக்கூடும். மலைமக்கள் குடிக்கும் ஓடையில் அந்த நாயை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? ஆகவே வெறிநாய்க்கடித் தடுப்பூசி மட்டும் போதாது. டிஸ்டெம்பருக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போட வேண்டும். ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மலையூர்களில் நாய்களே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றன, ஆனால் அவை வெகுதூரத்து நோயைக் கொண்டு வருவதில்லை, நாம் கொண்டு போகிறோம். எங்கள் நாய் சாது என்பார்கள். மனிதரிடம் சாதுவாக இருக்கும் நாயும் குதித்தோடும் முயலைக் கண்டால் பாயும்; அது அதன் பிறவிக்குணம். கொடைக்கானல் போன்ற மலைகளில் காட்டெருமையைக் குரைத்துச் சீண்டிய நாய், பயந்து எஜமானரிடமே ஓடிவந்தால், பின்னால் காட்டெருமையும் வரும். சிறுத்தைக்கோ நாய் எளிய இரை. கட்டிவைத்தால் நாய்க்கு என்ன இன்பம் என்ற கேள்விக்கு மட்டும் நான் மதிப்புக் கொடுக்கிறேன். நீளக் கயிற்றில், அவசரப்படுத்தாமல், மண்ணை மோந்து மோந்து நடக்க விடுங்கள். நாய்க்கு அதைவிடப் பெரிய இன்பம் இல்லை. வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போவதுதான் கொடுமை. மூச்சிரைத்தே உடம்பைக் குளிர்விக்கும் பிராணி அங்கே சீக்கிரம் செத்துப்போகும்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டு ஆளுக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நாய் காட்டுக்குள் ஓடிவிட்டால் பின்தொடராதீர்கள். வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையும் உறுதியான கயிறும் இல்லையென்றால், அந்த ஒரு நாள் நாயை வீட்டில் ஆளிருக்க விட்டுவிட்டுப் போங்கள்.