மருந்துச் சீட்டைப் படிக்க இன்னொரு ஜோடிக் கண்கள்



நமது மருத்துவமனைப் பணியாளர் பட்டியலில் "கிளினிக்கல் பார்மசிஸ்ட்" என்ற பெயரைக் கண்டு, மருந்து கொடுக்க ஜன்னலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறாரே, இவர் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். காணிக்கைப் பணம் எங்கே போகிறது என்று கேட்பது நியாயம்தான்.

மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மிக்ஸ்சர் கலந்து, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல்லுப்பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று மருந்துகள் தயாராகவே வந்துவிடுகின்றன. ஆனால் சர்க்கரைக்கு, இரத்த அழுத்தத்துக்கு, இருதயத்துக்கு, மூட்டுவலிக்கு என்று ஒரே நோயாளி எட்டுப் பத்து மாத்திரைகள் சாப்பிடுகிறார். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா, இந்த உடம்புக்கு இந்த அளவு சரியா என்று நோயாளியின் படுக்கையருகே நின்று பார்ப்பவரே கிளினிக்கல் பார்மசிஸ்ட்.

1966ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஒன்பதாம் மாடி அறுவை வார்டுக்கு மருந்தாளுநர்களை அனுப்பிய முயற்சி இதற்கு ஒரு பெரிய தொடக்கம். நம் நாட்டில் 2008இல் பார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு வந்தது. அதில் கடைசி வருடம் முழுவதும் மருத்துவமனையில் பயிற்சி.

காலையில் டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது இவரும் கூடவே போகிறார். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்கிறார். இரண்டு டாக்டர்கள் இரண்டு கம்பெனிப் பெயரில் எழுதியது ஒரே மருந்துதான் என்று கண்டுபிடிக்கிறார். வால்வு மாற்றியவர்கள் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறார்கள் அல்லவா? அவர்கள் வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டால் வார்ஃபாரினின் வேகம் கூடி இரத்தக்கசிவு வரலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினாலோ வேகம் குறைந்து வால்விலேயே இரத்தம் கட்டலாம். தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்ல மருந்துகளே.

சில சமயம் காரியம் மருந்திலும் இல்லை, ஊசியில் இருக்கிறது. கிராமத்திலிருந்து வரும் ஒரு வயதான அம்மாவுக்கு இன்சுலின் 20 யூனிட். சர்க்கரை இறங்கவேயில்லை, அளவு 30 ஆயிற்று. அப்போதும் இறங்கவில்லை. பத்தியம் காக்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் அவரைக் கடிந்துகொண்டார்கள். நமது பார்மசிஸ்ட், "அம்மா, போடுற ஊசியையும் மருந்தையும் நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்றார். குப்பி ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது. அதற்குச் சிவப்பு மூடி ஊசி வேண்டும். கடையில் கொடுத்ததோ 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி ஊசி. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 8 யூனிட். 30 வரை இழுத்தால் 12. பாவம், அந்த அம்மா சொன்னபடிதான் செய்திருக்கிறார். அளவை இன்னும் ஏற்றி, வார்டில் சேர்த்து, சிஸ்டர் சரியான ஊசியால் அந்த முழு அளவையும் போட்டிருந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி உயிருக்கே மோசம் வந்திருக்கும். ஊசியை மாற்றி, அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்கினோம்; கர்த்தருடைய கிருபையால் இப்போது சுகமாயிருக்கிறார்.

(பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் திராட்சரசம் சொன்னபோதுகூட, கொஞ்சம்தான் என்று அளவையும் சேர்த்தே எழுதினார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?)

கடைசித் தீர்மானம் டாக்டருடையதுதான். பார்மசிஸ்ட் ஆலோசனை சொல்வார். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பக்கவிளைவுகளை எழுதி, 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்புவார். இதற்குத் திறப்புவிழா வைக்க முடியாது, பெயர் பொறித்த கல் பதிக்கவும் முடியாது. ஸ்கேன் கருவிக்குக் கிடைக்கும் காணிக்கை இப்படிப்பட்ட சம்பளத்துக்குக் கிடைப்பது கடினம் என்பதை நாங்கள் அறிவோம். ஆனாலும் வாங்க வேண்டாத மருந்தை நிறுத்துவதால் ஏழைக் குடும்பத்துக்கு மிச்சமாகும் பணத்தைத் தினமும் பார்க்கிறோம்.

இப்போது ஒருவரே பகலில் மட்டும் இருக்கிறார். மாலை நேரத்துக்கு இன்னொருவரை நியமிக்க ஜெபித்து வருகிறோம்; நீங்களும் ஜெபியுங்கள், ஏவப்படுகிறவர்கள் இந்தச் சம்பளத்தில் ஒரு மாதத்தைத் தாங்கலாம். உங்கள் சபையிலிருந்து யாராவது நம்மிடம் சிகிச்சைக்கு வந்தால், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து, ஊசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். காலிப் பாட்டிலாயிருந்தாலும் பரவாயில்லை.